பால் கடைவாய்ப் பல்லுக்கு எந்த மருந்து: பார்மோகிரெசாலா, எம்டிஏவா?

கேள்வியை ஒரு தடவை என் வார்த்தையில் சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன். மகனுக்கு ஆறு வயது. கீழே இடது பக்கம் இரண்டாவது பால் கடைவாய்ப் பல்லில் ஆழமான சொத்தை. சித்தூரில் (ஆந்திரா சித்தூர் இல்லை, நம் பாலக்காட்டுச் சித்தூர்) பார்த்த டாக்டர், நரம்பின் மேல்பகுதியை மட்டும் எடுத்து பார்மோகிரெசால் வைத்து மூடிவிடலாம் என்றார். கோயம்புத்தூரில் பார்த்தவர் அது பழைய மருந்து, எம்டிஏ என்ற, சிமென்ட் மாதிரி இறுகும் மருந்தைத்தான் வைக்க வேண்டும் என்று ஏறக்குறைய இரண்டு மடங்கு பணம் சொன்னார். ராத்திரி போனில் தேடினால் பார்மோகிரெசாலில் பார்மலின் இருக்கிறது, புற்றுநோய் வரும் என்று வருகிறது. மாமியாரோ, விழப்போகிற பல்லுக்கு இத்தனை செலவா என்கிறார். எது நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் எழுதியிருக்கிற விதத்தைப் பார்த்தால் உள்ளே இருக்கிற கேள்வி வேறு: பக்கத்து டாக்டர் பிள்ளை வாயில் விஷத்தை வைக்கிறாரா, இல்லை பெரிய ஊர் டாக்டர் நம்மிடம் பணம் பிடுங்குகிறாரா. இரண்டும் இல்லை என்பதுதான் என் பதில், ஆனால் அதற்குக் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் குழந்தைகள் பல் மருத்துவம் படித்தவன், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் பதினெட்டு வருஷமாகக் கிளினிக் வைத்திருக்கிறேன். ஒரே நாளில் பூச்சிப்பல் என்று ஒருவர் வருவார், சொத்தை என்று ஒருவர், பல்லு கேடு என்று மலையாளத்தில் ஒருவர், மூன்றும் ஒன்றுதான். உங்கள் பையனின் எக்ஸ்ரேயை நான் பார்க்கவில்லை, அதனால் அந்தப் பல்லுக்கு இதுதான் என்று இங்கிருந்து தீர்ப்பு சொல்ல முடியாது. எதை வைத்துத் தீர்மானிப்பது என்று சொல்ல முடியும்.

மாமியார் கேட்டதை முதலில் முடித்துவிடுகிறேன், ஏனென்றால் அது நியாயமான கேள்வி. முன்பல்லாக இருந்தால் நானும் பல சமயம் அவர் பக்கம்தான். ஆனால் இரண்டாவது பால் கடைவாய்ப் பல் விழுவது பத்து முதல் பன்னிரண்டு வயதுக்குள். உங்கள் மகனுக்கு இன்னும் நான்கைந்து வருஷம் அதில்தான் மெல்ல வேண்டும். அதைவிடப் பெரிய விஷயம், அந்தப் பல்லுக்குப் பின்னால் ஆறு வயதில் முதல் நிரந்தரக் கடைவாய்ப் பல் முளைக்கிறது, இந்தப் பால் பல்லின் முதுகில் சாய்ந்துகொண்டுதான் அது தன் இடத்துக்கு வரும். சுவரை எடுத்துவிட்டால் அது முன்னால் நகர்ந்து படுக்கும், கீழே காத்திருக்கும் நிரந்தரப் பல்லுக்கு வழி அடைபடும், பிறகு பதிமூன்று வயதில் கம்பி போட வேண்டிவரும். காப்பாற்றவே முடியாத பல் என்றால் எடுத்துவிட்டு, இடம் போகாமல் இருக்க ஒரு வளையம் மாட்டிவிடலாம், அதில் தப்பில்லை. காப்பாற்ற முடிகிற பல்லை எடுப்பதுதான் நஷ்டம்.

சரி, மருந்துக்கு வருவோம். பால் பல்லில் எனாமலும் அதற்கடியில் இருக்கும் டென்டினும் நிரந்தரப் பல்லை விட மெலிசு, உள்ளே இருக்கிற கூழ் (எல்லோரும் நரம்பு என்கிறோம், உண்மையில் நரம்பும் ரத்தக் குழாயும் சேர்ந்த சதை) பெரிசு. அதனால் வெளியே கடுகளவு ஓட்டை தெரியும்போதே உள்ளே சொத்தை கூழைத் தொட்டிருக்கும். அப்படித் தொட்டாலும், மேல்பகுதிச் சதை மட்டும் கெட்டு, வேருக்குள் இருப்பது நன்றாக இருக்கலாம். அப்போது மேல்பகுதியை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு, வேரின் வாயில் ஒரு மருந்தை வைத்து மூடுகிறோம். இதுதான் பல்பாட்டமி. வேருக்குள்ளும் சதை செத்திருந்தால் அதையும் எடுத்து, வேர் கரையும்போது கூடவே கரைகிற பசையை நிரப்ப வேண்டும், அது பல்பெக்டமி, அதற்கு மருந்துகளும் வேறு. நீங்கள் கேட்கிற இரண்டு மருந்துகளும் முதல் வகைக்கு உரியவை, அதாவது வேர்ச் சதை உயிரோடு இருந்தால் மட்டும்.

பார்மோகிரெசால் நூறு வருஷத்துக்கு மேல் பழசு. பக்லி என்பவர் 1904ல் கொண்டுவந்த கலவை: 19 சதவீதம் பார்மால்டிஹைடு (இதைத் தண்ணீரில் கரைத்ததுதான் பார்மலின்), 35 சதவீதம் கிரெசால், மீதி கிளிசரினும் தண்ணீரும். பஞ்சில் தொட்டு, பிழிந்து, கிட்டத்தட்ட காய்ந்த பஞ்சாக்கி ஐந்து நிமிஷம் வைத்து எடுத்துவிடுவார்கள். எடுக்கும்போது சதையின் மேல்முனை பழுப்பாகவோ கருப்பாகவோ மாறியிருக்கும். அது ஆறவில்லை, பதப்படுத்தப்பட்டிருக்கிறது. மேலே கொஞ்சம் செத்துப்போய் உறைந்து நிற்கும், கீழே உயிர் இருக்கும், இந்த ஏற்பாட்டிலேயே பல் விழும் காலம் வரை ஓடிவிடும். படிக்கும்போது எங்கள் பேராசிரியர்கள் எல்லோரும் இதை வைத்துத்தான் சொல்லிக்கொடுத்தார்கள், அந்த மருந்து வாசனை வந்தால் எனக்கு இன்றைக்கும் கல்லூரி ஞாபகம்தான் வரும். பலர் அதைக் கலவையாக அப்படியே வைக்காமல் ஐந்தில் ஒரு பங்காக நீர்த்துப் பயன்படுத்துவார்கள், பலன் குறையவில்லை என்பது எழுபதுகளிலேயே தெரிந்த விஷயம்.

பயம் எங்கிருந்து வந்தது? உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004ல் பார்மால்டிஹைடை மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள் என்று வகைப்படுத்தியது. அது உண்மை. அந்த முடிவு முக்கியமாக வருஷக்கணக்கில் அதன் ஆவியைச் சுவாசித்த தொழிலாளர்களைப் பார்த்து வந்தது என்பதும் உண்மை. 2018ல் வாளையார் செக்போஸ்ட்டில் பார்மலின் கலந்த மீன் லோடு பிடிபட்ட பிறகு நம் பக்கம் பார்மலின் என்ற சொல்லைக் கேட்டாலே ஜனங்களுக்கு வயிற்றைக் கலக்குகிறது, ஒரு வாரம் என் வீட்டிலேயே மீன் வாங்கவில்லை. ஆனால் பிழிந்த பஞ்சில் இருப்பது மிகச் சொற்பம், அதுவும் ஒரே தடவை. நம் உடம்பே தினமும் கொஞ்சம் பார்மால்டிஹைடை உண்டாக்கி உடைத்துக்கொண்டிருக்கிறது. இந்தச் சிகிச்சை செய்துகொண்ட குழந்தைகளின் ரத்தத்தைச் சோதித்துப் பார்த்ததில் அது வழக்கமான அளவுக்கு மேல் தென்படவில்லை. இந்தச் சிகிச்சையால் ஒரு குழந்தைக்குப் புற்றுநோய் வந்ததாக நிறுவப்பட்ட நிகழ்வு எதையும் நான் படித்ததில்லை. அதனால் ஏற்கெனவே மூத்த பெண்ணுக்கு இந்த மருந்துதான் வைத்தோமே என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம், வைத்ததைத் தோண்டி எடுக்கவும் வேண்டாம். அப்படியென்றால் நான் ஏன் அதை நிறுத்தினேன் என்று கேட்பீர்கள். அதே வேலையை அதைவிட நன்றாகச் செய்கிற, யாரையும் பயமுறுத்தாத பொருள் கையில் இருக்கும்போது அதை வைத்துக்கொண்டு இருக்க எனக்குக் காரணம் இல்லை. பஞ்சு தவறி ஈறில் பட்டால் சுட்டுவிடும் என்பது இன்னொரு காரணம், ஆறு வயதுப் பையன் தலையை ஆட்டாமல் இருப்பான் என்று யார் உத்தரவாதம் தருவது?

இரண்டுக்கும் நடுவில் ஒரு மருந்து இருக்கிறது, உங்களிடம் யாரும் சொல்லவில்லை போல. பெரிக் சல்பேட், 15.5 சதவீதக் கரைசல். பதினைந்து விநாடி வைத்துக் கழுவிவிட வேண்டும். ரத்தப் புரதத்தோடு சேர்ந்து ரத்தக் குழாயின் வாயை அடைத்துவிடும், அவ்வளவுதான் அதன் வேலை, சதையைப் பதப்படுத்துவதும் இல்லை, ஆற்றுவதும் இல்லை. விலை மலிவு, நேரம் குறைவு, பலன் பார்மோகிரெசாலுக்குச் சமம். எனக்கு இதில் ஒரே ஒரு மனத்தாங்கல், அது எல்லா ரத்தத்தையும் நிறுத்திவிடும். எதற்குத் தாங்கல் என்றால், ரத்தம் நிற்கிறதா என்பதுதான் எங்களுக்கு இருக்கிற முக்கியமான சோதனை. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நாற்காலியில் நடப்பதில் இதைத்தான் பெற்றோர் யாரும் பார்ப்பதில்லை.

மேல்பகுதிச் சதையை எடுத்ததும் வேர்களின் வாயில் குண்டூசித் தலை அளவுக்குச் சிவப்புப் புள்ளிகள் தெரியும், கீழ்ப் பல்லில் மூன்று இருக்கும், சிலதில் நான்கு. ஈரப் பஞ்சை அதன்மேல் வைத்து அழுத்திவிட்டு கடிகாரத்தைப் பார்ப்பேன், அந்த நேரத்தில் பையனிடம் ஸ்கூல் வேன் டிரைவர் பேர் என்ன என்று கேட்டுக்கொண்டிருப்பேன். நான்கைந்து நிமிஷத்தில் பஞ்சை எடுத்தால் நல்ல சதை பளிச்சென்ற சிவப்பில் அடங்கி நிற்கும், மேலே ரத்தம் ஊறாது. கெட்ட சதை அடங்காது, ஊறிக்கொண்டே இருக்கும், நிறமும் கருஞ்சிவப்பாக இருக்கும். ஒன்றுமே வராமல் காய்ந்து கிடந்தால் அதுவும் கெட்ட சேதிதான், உள்ளே செத்துவிட்டது என்று அர்த்தம். இந்த இரண்டாவது, மூன்றாவது நிலையில் எம்டிஏ வைத்தாலும் பல் நிற்காது. பஞ்சுச் சோதனையைச் செய்யாமல் நேரே பெரிக் சல்பேட்டைத் தொட்டுவிட்டால், கெட்ட சதையும் நல்ல பிள்ளை மாதிரி நின்று ஏமாற்றிவிடும். ஆரம்ப வருஷங்களில் நானே இப்படி ஏமாந்திருக்கிறேன், எட்டு மாசத்தில் ஈறில் கொப்புளத்தோடு திரும்பி வந்தார்கள், அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

இப்போது எம்டிஏ. 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் லோமா லிண்டா பல்கலைக்கழகத்தில் தோராபினஜாத் என்பவர் குழு உருவாக்கியது. அடிப்படையில் என்ன தெரியுமா, வீடு கட்டுகிற போர்ட்லண்ட் சிமென்டின் உறவுக்காரன், சுத்தம் செய்து, எக்ஸ்ரேயில் தெரிவதற்காக பிஸ்மத் ஆக்சைடு சேர்த்தது. மூன்று பங்கு பொடிக்கு ஒரு பங்கு சுத்தமான தண்ணீர், குழைத்தால் ஈர மணல் மாதிரி இருக்கும். ஈரத்திலேயே இறுகும், ரத்தத்துக்கும் எச்சிலுக்கும் பயப்படாது. முதலில் காரத்தன்மை மிக அதிகம், கிருமி வாழ முடியாது, பிறகு கால்சியத்தை விட்டுக்கொண்டே இருக்கும், அதைப் பிடித்துக்கொண்டு சதை தனக்குத் தானே மேலே ஒரு கெட்டியான கூரை போட்டுக்கொள்ளும். அதாவது கீழே இருப்பது உண்மையிலேயே ஆறுகிறது. குறை என்றால், இறுக இரண்டே முக்கால் மணி நேரம் வரை ஆகும், பல்லைச் சாம்பல் நிறமாக்கும், ஒரு கிராம் பொடியின் விலையில் பார்மோகிரெசால் பாட்டில் பல வாங்கலாம். நிறம் மாறுவது கடைவாய்ப் பல்லில் பெரிய விஷயமில்லை, எப்படியும் மேலே ஸ்டீல் கேப் வரப்போகிறது, முன்பல் என்றால் யோசிக்க வேண்டும். நேரமும் பிரச்சினை இல்லை, மேலே வேறு சிமென்டை வைத்து அன்றைக்கே மூடிவிடலாம்.

அதே குடும்பத்தில் பயோடென்டின் என்று ஒன்று வந்து பதினைந்து வருஷம் ஆகிவிட்டது. பன்னிரண்டு நிமிஷத்தில் இறுகிவிடும், பிஸ்மத்துக்குப் பதில் சிர்கோனியம் இருப்பதால் பல் அவ்வளவு கறுக்காது. நான் இப்போது பெரும்பாலும் இதைத்தான் வைக்கிறேன். ஆனால் நேர்மையாகச் சொன்னால் எம்டிஏவுக்கு இருக்கிற அளவுக்கு நீண்ட காலப் பதிவு இதற்கு இல்லை, இருக்கிற ஆய்வுகள் இரண்டும் சமம் என்கிற திசையில்தான் போகின்றன. கால்சியம் ஹைட்ராக்சைடு என்று யாராவது சொன்னால் மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், பால் பல்லின் பல்பாட்டமிக்கு அது சரிவரவில்லை, வேரை உள்ளிருந்தே அரிக்க வைக்கிறது.

எது உறுதி, எது சந்தேகம் என்று பிரித்துச் சொல்லச் சொன்னால் இப்படிச் சொல்வேன். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடுகிற காக்ரேன் அமைப்பு 2018ல் அதுவரை நடந்த 87 பரிசோதனைகளைச் சேர்த்துப் பார்த்தது. முடிவு: எந்த மருந்தாக இருந்தாலும் இந்தச் சிகிச்சை பொதுவாக வெற்றிதான், இருப்பதில் எம்டிஏ முன்னால் நிற்கிறது போலத் தெரிகிறது. அந்தத் 'தெரிகிறது'க்குக் காரணம், ஆய்வுகள் பலதும் சின்னவை, ஒன்றிரண்டு வருஷத்தோடு முடிந்தவை. அமெரிக்கக் குழந்தைகள் பல் மருத்துவ அகாடமி 2017ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் எம்டிஏ, பார்மோகிரெசால் இரண்டையுமே உறுதியாகப் பரிந்துரைத்தது, பெரிக் சல்பேட்டைச் சற்றுத் தயக்கத்தோடு. இரண்டு வருஷம் கழித்துப் பார்த்தால் எம்டிஏ வைத்ததில் பத்தில் ஒன்பது நிற்கிறது, மற்ற இரண்டிலும் பத்தில் எட்டரை என்று வையுங்கள். வித்தியாசம் இருக்கிறது, ஆனால் இரண்டு மடங்குப் பணத்தைப் பார்த்து நீங்கள் கற்பனை செய்கிற அளவுக்கு இல்லை.

அதைவிடப் பெரிய வித்தியாசத்தை உண்டாக்குவது மேலே வைக்கிற மூடி. பல்பாட்டமி செய்த பல் உள்ளே பொள்ளல், மெல்லும்போது சுவர் உடையும், வெறும் பில்லிங் வைத்தால் ஓரத்தில் கசிந்து கிருமி உள்ளே போகும், எம்டிஏ விலைக்கு வாங்கியது எல்லாம் வீண். முழுப் பல்லையும் மூடுகிற ஸ்டீல் கேப் போட்ட பல்தான் நீடிக்கிறது. கோயம்புத்தூர் டாக்டர் சொன்ன தொகையில் கேப் சேர்ந்திருக்கிறதா, சித்தூர் டாக்டர் சொன்னதில் பில்லிங் மட்டுமா என்று கேட்டுப் பாருங்கள். அந்த இரண்டு மடங்கின் பாதி ரகசியம் அங்கே இருக்கலாம். பார்மோகிரெசாலும் கேப்பும் ஒரு பக்கம், எம்டிஏவும் வெறும் பில்லிங்கும் ஒரு பக்கம் என்றால் நான் முதலாவதைத்தான் எடுப்பேன், யோசிக்கவே மாட்டேன். வெள்ளை கேப் வேண்டும் என்று சிலர் கேட்பார்கள், அதற்குப் பல்லை அதிகம் ராவ வேண்டும், விலையும் அதிகம், கடைவாயில் யார் பார்க்கப் போகிறார்கள்.

டாக்டரிடம் இன்னும் ஒன்று கேளுங்கள், சொத்தை கூழைத் தொட்டே விட்டதா, இல்லை பக்கத்தில்தான் நிற்கிறதா என்று. தொடவில்லை, வலியும் இல்லை என்றால், கடைசி மெல்லிய அடுக்குச் சொத்தையைத் தோண்டாமல் விட்டு அப்படியே இறுக்கமாக மூடி கேப் போடுவது பல்பாட்டமிக்குச் சமமாகவோ அதைவிட நன்றாகவோ பலன் தருகிறது. சொத்தையை விட்டுவிட்டு மூடுவதா என்று பெற்றோருக்குத் திக்கென்று இருக்கும், ஆனால் காற்றும் உணவும் போகாத இடத்தில் கிருமி பட்டினி கிடந்து அடங்கிவிடும்.

இவ்வளவுக்கும் அடியில் இருக்கிற கேள்வியை வீட்டிலேயே பாதி தெரிந்துகொள்ளலாம். இனிப்போ ஐஸோ பட்டால் சுரீரென்று வலித்து உடனே போய்விடுகிறதா? அப்படியானால் வேர்ச் சதை உயிரோடு இருக்க வாய்ப்பு அதிகம். ராத்திரி தூக்கத்தில் எழுந்து அழுகிறானா, சும்மா இருக்கும்போதே வலிக்கிறதா, ஈறில் அரிசி அளவு சீழ்க் கொப்புளம் இருக்கிறதா, பல் ஆடுகிறதா? இதில் ஒன்று இருந்தாலும் பல்பாட்டமியைத் தாண்டிவிட்டது, நீங்கள் இரண்டு டாக்டர்களிடமும் கேட்ட ஒப்பீடே தேவையில்லை, வேர் முழுதும் சுத்தம் செய்வதா எடுப்பதா என்பதுதான் பேச்சு. வலி போனதும் சரியாகிவிட்டது என்று இருந்துவிட வேண்டாம், பல சமயம் கூழ் செத்ததால்தான் வலி நிற்கிறது. எக்ஸ்ரேயில் பால் கடைவாய்ப் பல்லுக்கு வேர் நுனியை விட இரண்டு வேரும் பிரிகிற கவட்டையைப் பார்க்கச் சொல்லுங்கள், கிருமி முதலில் எலும்பை அங்கேதான் கரைக்கும். அங்கே கருப்பாக இருந்தால் அடியில் உருவாகிக்கொண்டிருக்கிற நிரந்தரப் பல்லுக்கே சேதம் வரலாம். சிகிச்சைக்குப் பிறகு ஆறு மாசத்தில் ஒன்று, வருஷத்தில் ஒன்று என்று எக்ஸ்ரே எடுப்பார்கள், அதில் வேர்க் குழாய் மங்கிக் கெட்டியாகிக்கொண்டே போவது தெரிந்தால் கவலை வேண்டாம், எம்டிஏ வைத்த பல்லில் அது உயிர் இருப்பதற்கு அடையாளம்.

ஆக என் யோசனை: உங்கள் கைக்கு முடிகிறது என்றால் எம்டிஏ அல்லது பயோடென்டின், கட்டாயம் கேப்போடு. முடியவில்லை என்றால் சித்தூர் டாக்டரிடமே போங்கள், பார்மோகிரெசாலுக்குப் பதில் பெரிக் சல்பேட் வைப்பீர்களா என்று மரியாதையாகக் கேளுங்கள், இல்லை என்றாலும் பயப்படாமல் செய்துகொள்ளுங்கள், மிச்சப் பணத்தில் கேப் போடுங்கள். பக்கத்தில் இருப்பவர், ஏதாவது ஒன்றென்றால் பஸ் பிடித்து அரை மணியில் போய் நிற்கலாம், அதற்கும் ஒரு விலை உண்டு. ஓண லீவு வரட்டும் என்று மட்டும் தள்ளாதீர்கள்.

செய்கிற அன்றைக்கு மரத்துப்போகிற ஊசி போடுவார்கள். இரண்டு மூன்று மணி நேரம் கீழ் உதடு மரத்திருக்கும், பையன் அதை ரப்பர் மாதிரி மென்றுகொண்டே இருப்பான், சாயங்காலம் உதடு வீங்கிப் புண்ணாகி ஊசியால் வந்தது என்று பயந்து ஓடி வருவார்கள். மரப்பு போகும்வரை மெல்ல எதுவும் கொடுக்காமல் கண்ணெதிரே உட்கார வைத்துக்கொள்ளுங்கள். வலிக்குப் பாராசிட்டமால் அவன் எடைக்குத் தக்கபடி டாக்டர் எழுதித் தருவார், ஆஸ்பிரின் பிள்ளைகளுக்குக் கூடாது. ஒரு வாரம் கழித்து எல்லாம் சாப்பிடலாம், ஜவ்வு மிட்டாய் மட்டும் கேப்பைக் கழற்றிக் கையில் கொடுத்துவிடும். அப்படிக் கழன்றால் தூக்கிப் போடாமல் ஒரு சின்ன டப்பாவில் போட்டு எடுத்துப் போங்கள், பெரும்பாலும் அதையே திரும்ப ஒட்டிவிடுவார்கள்.